அன்பின் ஆழம் ஒற்றை வசனத்தில் அடங்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவ அன்பைப் பற்றி ஆன்மிகப் பக்கங்களில் எழுதுவோர் பலர் வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் (கடிதத்தின்) 3:18-ஐ மட்டும் தனியே எடுத்துக்கொள்கிறார்கள். அகலம், நீளம், ஆழம், உயரம் நான்கும் அதில் உண்டு, உண்மைதான். ஆனால் அது 14-ஆம் வசனத்தில் பவுல் முழங்காலிட்டுத் தொடங்கும் ஜெபத்தின் நடுப்பகுதி. அதுவும் அவர் சிறைப்பட்டிருந்தபோது செய்த ஜெபம்! முன்பகுதியை விட்டுவிட்டால், கிறிஸ்து விசுவாசத்தினால் இருதயத்தில் வாசமாயிருப்பதே அஸ்திவாரம் என்பது மறைந்துபோகும். அதே வசனத்திலுள்ள 'சகல பரிசுத்தவான்களோடும்' (விசுவாசிகள் எல்லாரோடும்) என்பதைக் கவனிக்காவிட்டால், சபையாகச் சேர்ந்து அறிய வேண்டியதைத் தனியொருவரின் உணர்ச்சியாகச் சுருக்கிவிடுவோம்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரிது. ஆறு அதிகாரமுள்ள இந்நிருபத்தில் முதல் மூன்றும் பெரும்பாலும் தேவன் செய்ததைச் சொல்கின்றன. நடக்கை பற்றிய புத்திமதி 4-இல்தான் தொடங்குகிறது. வரிசையை மாற்றிப் போதித்தால் அன்பு நம் நடக்கைக்குக் கிடைக்கும் கூலியாகிவிடும். நோயோ கடனோ வந்தவுடன், 'தேவன் என்னைக் கைவிட்டார்' என்று விசுவாசி நொறுங்குவது இதனால்தான்.

அப்படிப்பட்டவருக்கு ரோமர் 8:35 முதல் 39 வரை நிதானமாக, சத்தமாக வாசித்துக்காட்டுங்கள். உபத்திரவம் தொடங்கி பட்டயம் (வாள்) வரை ஏழு துன்பங்களைப் பவுல் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவை வராது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அன்பைவிட்டுப் பிரிக்காது என்கிறார். பிறகு ரோமர் 5:8-ஐ வாசியுங்கள்: நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து மரித்தார். விளக்கம் சொல்ல அவசரப்படாமல், துன்பப்படுபவர் பேசும்வரை உடன் இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்