குவிஸ் சொல்லும் குணமும் பாடத் தேர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நீங்கள் எந்த வகை ஆள்?' என்று ஏழு கேள்வி கேட்டுக் குணம் சொல்லும் ஆன்லைன் குவிஸ்களைப் பொழுதுபோக்காக ஆடுவதில் தவறே இல்லை. எந்த முடிவும் நம்மைத் திட்டாது. அண்ணனும் தங்கையும் ஒப்பிட்டுச் சிரிக்கலாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பில் படிக்கப்போகும் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதை நம்புவதுதான் கவலை தருகிறது.

இவற்றின் கணக்கு பெரும்பாலும் எளியது. ஒவ்வொரு விடையும் ஏதாவதொரு முடிவுக்கு ஒரு புள்ளி சேர்க்கும். அதிகப் புள்ளி பெற்றதே உங்கள் குணம். 7-0 என வந்தாலும் 3-2-2 என வந்தாலும் திரையில் வரும் வாசகம் ஒன்றே. இரண்டாவதில் ஒரே ஒரு விடையை மாற்றினாலும் குணமே மாறிவிடலாம்.

பிறகு ஏன் பொருந்துவதுபோல் தெரிகிறது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்குத் தேர்வு வைத்து, அவரவர் கணிப்பு என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். சோதிட நூலிலிருந்து எடுத்த வரிகள் அவை. பொருத்தத்துக்கு மாணவர்கள் இட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26! பொதுவான, கொஞ்சம் புகழ்ச்சி கலந்த வரியை யாரும் தமக்கென்றே எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கு முடிவுகள் உள்ள குவிஸை 12 பேர் எடுக்கட்டும், முடிவைக் காட்டாதீர்கள். நான்கு விளக்கங்களையும் தலைப்பில்லாமல் எழுதி, ஒவ்வொருவரின் உடன்பிறந்தவரிடம் 'இதில் எது அவர்?' என்று கேளுங்கள். எடுத்தவரையே கேட்டால், விடையளித்தபோது தம்மைப் பற்றி நினைத்ததையே திருப்பிச் சொல்வார். கண்ணை மூடித் தொட்டாலும் சராசரியாக 3 பேருக்குச் சரியாக வரும். அதைவிட நன்றாகக் கூடினால்தான் கணக்கில் கொள்ளலாம். மூன்று வாரம் கழித்து அதே 12 பேரையும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு முடிவு மாறுகிறது என்பதையும் பாருங்கள்.

பிறந்த தேதி, தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், முதல் நாய்க்குட்டியின் பெயர் ஆகியவற்றைக் கேட்கும் குவிஸை உடனே மூடுங்கள். கடவுச்சொல் மறந்தால் கேட்கப்படும் கேள்விகள் இவை.

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 8ஆம் பிரிவில், ஊழியருக்கு வைக்கும் உளவியல் தேர்வு அறிவியல்படி செல்லத்தக்கதாகவும் நம்பகமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக்கும் அந்த அளவுகோலே வேண்டும். கணிதத்தை விட்டு, அதற்குப் பதிலாக உள்ள எளிய பாடமான கணித எழுத்தறிவை (Mathematical Literacy) எடுத்த பிள்ளைக்குப் பின்னாளில் பொறியியல் பட்டப் படிப்பு எட்டாது. பாடத் தேர்வுப் படிவத்தில் கையொப்பமிடுமுன் ஒன்பதாம் வகுப்பின் பருவ மதிப்பெண்களையும், விரும்பும் படிப்புக்குப் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்