பதினொரு டிகிரி வானம்: திருப்பூர் மாவட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாநகராட்சி மன்றத்தார்க்கும் வணக்கம்.

காங்கேயம் வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தொட்டும் செய்தும் பார்த்துக் கற்கும் வானியல் மையம் ஒன்று வேண்டும் என்று கேட்கவும், அது எப்படி அமைய வேண்டும் என்பதைத் திட்ட வரைவுக்கு முன்பே சொல்லிவிடவும் இதை எழுதுகிறேன். நாம் இருப்பது வட அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரியில். வேறோர் ஊர் வானத்துக்குச் செய்த மாதிரியைப் பெயர்த்து இங்கே வைத்தால் பாதி பொருந்தாது.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம் நம் ஊர் வழியாகவே சென்றது. ஒன்பதரை மணியளவில், புங்க மரத்து இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் மோதிரமாக மாறியிருந்தபோது, தெருவில் அதைப் பார்த்து நின்றவர்கள் நானும் நான்கு பிள்ளைகளும்தான். மற்ற வீடுகளில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலக்கையை நான் பழிக்கவில்லை; அதுவும் ஒரு சோதனைதான், கிரகணம் இல்லாத நாளில் செய்து பார்க்காததால் பாதியில் நின்றுபோன சோதனை. மையத்தின் வாசலிலேயே பூண் போட்ட உலக்கை ஒன்றும் தாம்பாளமும் இருக்கட்டும். அடி சமமாக இருந்தால் அது எந்த நாளிலும் நிற்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டு, அப்பத்தாவிடமோ அமுச்சியிடமோ போய்ச் சொல்லட்டும்.

அடுத்து வேண்டியது முற்றத்தில் செங்குத்தாக நட்ட ஒரு கம்பம். சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாளும் ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாளும் நண்பகலில் அதற்கு நிழலே இராது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். எஞ்சிய மாதங்களில் வடக்கே விழும். அந்த நண்பகலும் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வகுக்கப்பட்டது. நாம் அதற்கு மேற்கே ஐந்து டிகிரிக்குச் சற்று மேல் தள்ளி இருப்பதால், சராசரியாக 12.20-க்குத்தான் நமக்கு உச்சி வெயில்.

பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்டும் ஃபூக்கோ ஊசல் (நீண்ட கம்பியில் தொங்கி ஆடும் கனத்த குண்டு) வேண்டும் என்று யாரேனும் பரிந்துரைப்பார்கள். அதில்தான் கவனம் தேவை. 1851-இல் பாரிசில் காட்டப்பட்டபோது அதன் ஊசலாடும் தளம் மணிக்கு 11 டிகிரிக்கு மேல் திரும்பியது. நம் ஊரில் 2.9 டிகிரிதான் திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து நாளுக்கும் மேல் ஆகும். பத்து நிமிடம் நின்று பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆனால் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி நிறுத்தினால், பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று சாயும். அடுத்தது எது, எப்போது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டிக் காத்திருப்பார்கள். குண்டை நம் பக்கத்து வார்ப்புப் பட்டறையே வார்த்துத் தரும். வீச்சு குறையாதிருக்க மேலே ஒரு மின்காந்தச் சுருள் வேண்டும். மோட்டார் காயில் கட்டுவோர் நிறைந்த வட்டாரத்தில் அது அரிய வேலையன்று.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வெளியூர் அறிவியல் அரங்கு ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, தொடுதிரைகளில் பெரும்பாலானவை அணைந்து கிடந்தன. லேத் பட்டறையில் சரிசெய்ய முடியாத எதையும் வாங்காதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. கோளரங்கக் கூரைக்கு வேண்டுமானால் விலக்கு அளிக்கலாம்.

சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவருக்கு, டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகள் வெயிலில் வேறாகத் தெரிவது புதிதல்ல. அவர் பிள்ளைக்குப் பழைய சிடி ஒன்றால், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் காட்டி செய்யக் கற்றுக் கொடுங்கள்: டியூப் லைட்டில் தனித்தனிக் கோடுகள் தெரியும், எல்.இ.டி. விளக்கில் தொடர்ந்த பட்டை தெரியும். 1868-இல் சூரிய ஒளியில் கண்ட, அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற பெயரைப் பெற்றது. பூமியில் அது கிடைத்தது 1895-இல்தான். அப்பாவின் தொழிலும் விண்மீனின் வேதியியலும் ஒரே மேசையில் கிடக்க, அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மாலை ஐந்தரைக்குக் கதவடைக்கும் வானியல் மையம் யாருக்கு? பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு இரவு ஒன்பது வரையேனும் திறந்திருந்தால் பெற்றோரும் வருவார்கள்.

அடிக்கல் நாட்டும் முன், தேர்ந்த இடத்தில் அந்தக் கம்பத்தை மட்டும் நட்டு, வாரத்துக்கு ஒரு பள்ளிப் பிள்ளைகள் வந்து சரியாக 12.20-க்கு நிழல் நுனியைக் குறித்துச் செல்ல அனுமதியுங்கள். ஓராண்டில் அக்குறிகள் நீண்ட ‘8’ வடிவமாகச் சேரும். அதையே முற்றத்தில் கல்லாகப் பதித்துக்கொள்ளலாம். வாராவாரம் உடனிருந்து குறிக்க, ஊதியமின்றி நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காங்கேயம் வட்டம்.