தோற்ற பெண்ணுக்கு இரண்டாவது சீட்டு

தமிழ்நாட்டுக் கட்சிகளின் வேட்பாளர் தேர்வுக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை, எந்தப் பதவிக்கும் மனு போட்டவளும் இல்லை. ஓட்டு மட்டும் தவறாமல் போடுகிறேன்.

எங்கள் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன பெண் இதுவரை ஒரே ஒருவர்தான். பார்வதி கிருஷ்ணன். 1957, 1974, 1977 என்று மூன்று முறை ஜெயித்தார். அதற்குப் பிறகு 2024 வரை எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. தி.மு.க., காங்கிரஸ், பா.ஜ.க., அ.தி.மு.க., இரண்டு கம்யூனிஸ்டுகள் என்று எல்லோரும் இங்கே ஒருமுறையாவது ஜெயித்திருக்கிறீர்கள். நீங்கள் டெல்லிக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் ஆண்கள்.

மில்லில் ரீலிங் வேலை பார்த்த என் பாட்டிக்குப் பார்வதி கிருஷ்ணன் என்ற முழுப்பெயர் வாயில் வராது. "கதிர் அருவா அம்மா" என்பார், அவ்வளவுதான். அந்த அம்மா யார் என்று நான் தேடிப் படித்தது ரொம்பப் பின்னால்.

1919-இல் ஊட்டியில் பிறந்தவர். அப்பா டாக்டர் ப. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அம்மா ராதாபாய், மங்களூர்க்காரர், 1930-இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938-இல் அன்றைய மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. அண்ணன் ஒருவர் நாட்டின் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார், இன்னொரு சகோதரர் மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சர் ஆனார். பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், கட்சித் தோழர் என்.கே. கிருஷ்ணனைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் மில் தொழிலாளர்கள், நீலகிரித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் என்று சங்க வேலைதான் வாழ்க்கை.

உடனே நீங்கள் சொல்லப்போவது காதில் விழுகிறது. "அந்த மாதிரி குடும்பம் இருந்தால் யாரும் வரலாம்." சரி, ஒப்புக்கொள்கிறேன். சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கிடையாது, அரசியலும் கிடையாது. ஆனால் அந்தக் குடும்பப் பெயர் காங்கிரஸ் பக்கம் இருந்தது. பெண் நின்றதோ எதிர்ப்பக்கம். 1957-இல் அப்பா திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர், மகள் கோவையிலிருந்து கம்யூனிஸ்ட் உறுப்பினர், இருவரும் ஒரே மக்களவையில். 1959-இல் அப்பா போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர் ஆனார். அடுத்த வருடம் ஜூலையில் மத்திய அரசு ஊழியர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது தபால் தந்தித் துறை அவர் கையில். மகள் தொழிற்சங்கக்காரர்களின் வரிசையில். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நான் சொல்ல வந்தது 1962. அந்தத் தேர்தலில் பார்வதி காங்கிரஸிடம் தோற்றார். கட்சி 1964-இல் இரண்டாக உடைந்தது. 1967-இல் கோவை மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனது. 1971-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம் ஜெயித்தார். 1973 மே 31 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த பாலதண்டாயுதம் இறந்துபோனார். அதே விமானத்தில் மோகன் குமாரமங்கலமும் இருந்தார், அவரும் பிழைக்கவில்லை. தொகுதி உறுப்பினரையும் கூடப்பிறந்தவரையும் ஒரே விபத்து கொண்டுபோனது. அந்தக் காலி இடத்துக்கு 1974-இல் இடைத்தேர்தல் வந்தபோது, பன்னிரண்டு வருடம் முன்பு தோற்ற பெண்ணைக் கட்சி மறுபடி அதே ஊரில் நிறுத்தியது. ஜெயித்தார். 1977-இல் திரும்ப நிறுத்தியது. அந்தத் தேர்தலில் நாடு முழுக்க அந்தக் கட்சிக்குக் கிடைத்ததே ஏழு இடம், அதில் ஒன்று அவருடையது. அந்த மக்களவையில் பெண்கள் மொத்தம் 19 பேர்தான்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவருடைய கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது. 1978-இல் பட்டிண்டா மாநாட்டில்தான் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கில் அவருக்கும் பங்கு உண்டு. இங்கே நான் பார்ப்பது அவருடைய கொள்கையை இல்லை. ஒரு பெண் தோற்ற பிறகு கட்சி அவரை என்ன செய்தது என்பதை மட்டும்தான்.

ஆண் ஒருவர் தோற்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். கூட்டணி சரியில்லை, அலை அடித்தது, உள்ளடி வேலை நடந்தது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். பெண் தோற்றால் காரணம் ஒன்றுதான்: பெண் என்பதால் தோற்றார். ஒருத்தி தோற்றால் அந்த மாவட்டத்தில் இன்னொருத்தி பெயரை எடுப்பதற்கே பத்து வருடம் ஆகிறது.

இரண்டாவது வாய்ப்பு கொடுத்தால் என்ன ஆகிறது என்பதற்கும் உங்கள் கண்முன்னேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஜோதிமணி ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகத் தொடங்கியவர். 2011-இல் அரவக்குறிச்சியில் தோற்றார், 2014-இல் கரூரில் தோற்றார், 2019-இல் அதே கரூரில் ஜெயித்து 2024-இலும் ஜெயித்தார். எங்கள் ஊரிலேயே வானதி சீனிவாசன் 2016-இல் கோவை தெற்கில் தோற்று, 2021-இல் அதே தொகுதியில் கமல்ஹாசனை எதிர்த்து ஜெயித்தார். ஒருவர் காங்கிரஸ், ஒருவர் பா.ஜ.க. இரண்டு பேரிடமும் எனக்கு முரண்பாடு உண்டு, அது வேறு விஷயம்.

நாம் தமிழர் கட்சி மக்களவைத் தேர்தலில் பாதி இடத்தைப் பெண்களுக்குத் தருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இதுவரை ஒரு தொகுதியும் ஜெயித்ததில்லை என்பதும் உண்மை. ஜெயிக்கிற இடத்தில் இருக்கும் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஜெயித்து வந்த பெண்கள் ஐந்து பேர்.

பெண்கள் இட ஒதுக்கீட்டுச் சட்டம்தான் வந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள். 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரித்து, இரண்டே பேர் எதிர்த்து நிறைவேறிய சட்டம் அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிய வேண்டும், தொகுதி மறுவரையறை முடிய வேண்டும் என்று உள்ளேயே பூட்டு போட்டுத்தான் நிறைவேற்றினார்கள். அடுத்த வருடமே வந்த தேர்தலில் அந்தப் பூட்டைக் காட்டித்தானே பட்டியல் தயாரித்தீர்கள்? 1957-இல் கோவைக்கு ஒரு பெண்ணை நிறுத்த எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகு எங்கள் வார்டிலேயே தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர் என்று அலைந்து பழகிய பெண்கள் உங்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். மாநகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். டெல்லிக்கு ஆள் தேடும்போது மட்டும் அவர்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை. யாருடைய மகள், யாருடைய மருமகள் என்றுதான் விசாரிக்கிறீர்கள்.

பார்வதி கிருஷ்ணன் 2014 பிப்ரவரியில் கோவையிலேயே காலமானார். 94 வயது. அவருக்குச் சிலை வையுங்கள் என்று கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு நீங்கள் பட்டியல் வெளியிடும் அன்று, ஜெயித்தவர்களின் பெயரை நான் தேடப்போவதில்லை. 2024-இல் உங்கள் சின்னத்தில் நின்று தோற்ற பெண்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

இப்படிக்கு,
கோவைத் தொகுதி வாக்காளர் ஒருத்தி