உத்தரவு ஊர் வந்து சேரும் வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கேட்டதற்குப் பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டாய். "யாரும் ஓட்டுப் போடாத நாலு பேர் டெல்லியில் ஒரு ஆபீஸைப் போட்டு, பொதுநல வழக்கு என்ற பெயரில் கோர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டை ஆளப் பார்க்கிறார்கள்" என்று அப்புறம் என்னிடமும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் மனதில் பட்டது அது. எனக்கு அதைவிட உன் குரல்தான் கவலை. நீ வக்கீலாக இருக்கும் டெல்லி அமைப்பு போட்ட பொதுநல மனு தள்ளுபடியானதிலிருந்து நீ சரியாகவே பேசவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கடலூருக்கே வந்து பிராக்டிஸ் பண்ணலாமா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பெரியப்பா சொன்னதில் ஒரு பாதி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நான் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தபோது, பிள்ளைகளுக்குச் சோறு போடு என்று எந்தக் கோர்ட்டும் தமிழ்நாட்டுக்கு உத்தரவு போட்டிருக்கவில்லை. காமராஜர் 1956-ல் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரிவாக்கினார். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் செய்தது அது. எல்லா ஊரிலும் அப்படியே நடந்திருந்தால் வழக்குக்கு வேலையே இல்லை. நடக்கவில்லையே. மத்திய அரசு 1995-ல் மதிய உணவுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரும்பாலான மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தைப் பிள்ளைகளின் பையில் போட்டுவிட்டதோடு சரி. அடுப்பு எரியவில்லை.

2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் நாலு கோடி டன்னுக்கு மேல் தானியம் கிடந்தது, பக்கத்துக் கிராமங்களில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வருஷம் நவம்பர் 28-ல் வந்த உத்தரவை நீ படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள். பாதி மாவட்டங்களில் 3 மாதத்துக்குள், மீதியில் அடுத்த 3 மாதத்துக்குள். நான் தினம் அளந்து போட்ட அரிசியும் பருப்பும் ஒரு நீதிபதியின் வாயிலிருந்து கிராம் கணக்கில் வந்ததைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் பாப்பா, அந்த வழக்கின் பலம் அந்த ஒரு நாள் உத்தரவில் இல்லை. பல மாநிலங்கள் கெடு தாண்டியும் அசையவில்லை. கோர்ட் வழக்கை முடிக்காமல் வைத்துக்கொண்டது, கண்காணிக்க ஆணையர்களை நியமித்தது. மனு போட்டவர்களும் வாங்கிய உத்தரவை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. எந்த மாநிலம் செய்தது, எது ஏமாற்றுகிறது என்று கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து, மறுபடி மறுபடி மனு போட்டார்கள். 2008 டிசம்பருக்குள் 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும் என்ற 2006 உத்தரவு அப்படி வந்ததுதான். 2013-ல் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியதற்குப் பின்னாலும் அந்த வருஷங்களின் உழைப்பு இருக்கிறது. இதுவா கோர்ட்டைக் கையில் வைத்திருப்பது? நீதிபதிக்குத் தெரியாத கிராமத்தை அவர் மேஜைக்குக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20-ல் வந்த உத்தரவில் ஒரு வரி இருக்கிறது: சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும். அந்த வரி என்ன செய்யும் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போது நான் வேலை பார்த்த கிராமத்தில் காலனியிலிருந்து ஒரு அம்மா சமையலராக வந்தார். அடுத்த நாளே ஊர்த்தெருப் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு வந்து திண்ணையில் தனியாக உட்கார்ந்தார்கள். சாம்பார் கொதிக்கிற வாசனை வரும்போதெல்லாம் ஒரு பையன் அடுப்படியை எட்டி எட்டிப் பார்த்தான். "வீட்ல சாப்பிடக் கூடாதுன்னாங்க டீச்சர்" என்றான். அந்த அம்மா தலையைத் தூக்கவே இல்லை, அண்டாவில் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு அதிகாரி வந்தார். ஊரில் பிரச்சினை வேண்டாம், இவரை வேறு மையத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். தண்டனையை யாருக்குக் கொடுக்கப் பார்க்கிறார் பார். அதற்குள் எங்கள் சங்கத்துக்காரர் எங்கிருந்தோ அந்த உத்தரவின் ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் இங்கிலீஷ். தலைமையாசிரியர்தான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். அதிகாரி அதை வாங்கி, வேப்பமரத்தடியில் நின்றபடி இரண்டு தடவை படித்தார். அப்புறம் மடித்துக் கொடுத்துவிட்டு, "சரி, இவங்களே இருக்கட்டும்" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பிள்ளைகள் உடனே திரும்பி வரவில்லை. முட்டை போடும் நாளில் முதலில் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் ஒவ்வொருத்தராக. அந்த அம்மா அங்கேயேதான் ஓய்வு பெற்றார்.

அந்தக் காகிதத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் உன்னைப் போன்றவர்கள். அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் சங்கத்துக்காரர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த அம்மா போயிருப்பார்.

சேராத உத்தரவுகளும் நிறைய. கையால் மலம் அள்ளும் கொடுமையை எதிர்த்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003-ல் வழக்குப் போட்டது. 2014-ல் நம் தமிழ்நாட்டுக்காரர் சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்தபோது தீர்ப்பு வந்தது. சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றார்கள். 2023-ல் இன்னொரு வழக்கில் அதை 30 லட்சம் ஆக்கினார்கள். ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தி பேப்பரில் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். பொதுநல வழக்கின் கதவு ஏழைக்காகத் திறந்ததுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் அதில் நுழையலாம். 2000-ல் டெல்லியில் குப்பையைச் சரியாக அள்ளவில்லை என்று போட்ட வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், குடிசைவாசிக்கு மாற்று இடம் தருவது பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பதற்குச் சமம் என்று எழுதியது. அதனால் கோர்ட் எப்போதும் நம் பக்கம் என்று நீங்கள் நம்பிவிடக் கூடாது. உங்கள் அமைப்பில் சிலர் பேசுவதைக் கேட்டால் அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது எனக்கு.

கோர்ட்டில் ஜெயித்தால் நாட்டையே ஆளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இறால் பண்ணை வழக்கைச் சொல்லலாம். கீழத்தஞ்சையில் நிலமில்லாதவர்களுக்காக உழைத்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கு. நம் பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து ஜனங்களும் எதிர்பார்த்துக் கிடந்த தீர்ப்பு. 1996 டிசம்பர் 11-ல் கடலோரக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் இறால் தொழில் கூடாது, இருக்கிற பண்ணைகளை 1997 மார்ச்சுக்குள் அகற்று என்று வந்தது. மறு வருஷமே அதைத் தாண்டிப் போக மசோதா கொண்டுவந்தார்கள். 2005-ல் சட்டமே போட்டுப் பண்ணைகளைக் காப்பாற்றிவிட்டார்கள். கடைசிச் சொல் கோர்ட்டில் இல்லை, ஓட்டு வாங்கியவர்களிடம்தான் இருந்தது.

இனி உன் தள்ளுபடி விஷயம். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை எதிர்த்த வழக்கை நீதானே எனக்கு விளக்கினாய்? எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்த நாஸ் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2001-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. இந்த வழக்குக்கு முகாந்திரமே இல்லை என்று 2004-ல் தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிக் கேட்கச் சொன்னது. 2009-ல் ஜெயித்தார்கள், 2013-ல் உச்ச நீதிமன்றத்திலேயே தோற்றார்கள், 2018-ல் வேறு மனுதாரர்களோடு மறுபடி ஜெயித்தது. 2004-ல் அந்த மனுவை எழுதிய ஜூனியர் வக்கீல் அன்றைக்கு ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்? உன்னை நினைக்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இரு. இங்கே வருவது தப்பில்லை, கடலூரிலும் வக்கீல் வேண்டும். ஆனால் ஒரு தள்ளுபடிக்காக வராதே. இருக்கும் வரை உங்கள் ஆபீஸில் ஒன்று கேள்: ஜெயித்த வழக்குகளின் பட்டியல் சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, அதில் எந்த உத்தரவு எந்த மாவட்டத்தில் நடக்கிறது என்று பார்க்க ஆள் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்த வேலையை நீ கேட்டு வாங்கிக்கொள்.

எனக்கும் ஒரு உதவி செய். 2004 உத்தரவில் சமையலர் நியமனம் பற்றிய பகுதியைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு. வக்கீல் தமிழ் வேண்டாம், சமையலர் படித்தால் புரிய வேண்டும். நம் ஒன்றியத்தில் இருக்கிற ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் கொடுக்கப் போகிறோம், சங்கத்தில் பேசிவிட்டேன். மேலே தேதியும் 2001-ன் 196-வது ரிட் மனு என்ற எண்ணும் மறக்காமல் போடு. எண் இருந்தால்தான் ஆபீஸில் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

அன்புடன்,
அம்மா