வருவாள்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோழிகள் கூடியது எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது, "நல்லபடியா நடந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். பேசினால் குரல் உடைந்துவிடும். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம் அல்லவா.

உன் சைக்கிள் சித்தி போய் ஆறு வாரம் ஆகிறது. செய்தி வந்த அன்று அவள் வீட்டுக்குப் போனேனே, எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை கண்ணா. அக்கா, நாத்தனார், மகள், மருமகன் என்று எல்லோருக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. 42 வருடப் பழக்கத்துக்கு இடம் இல்லை. "நீங்க யாரு?" என்று ஒருவர் கேட்டார். "ஃப்ரெண்ட்" என்றேன். தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். வாசல் ஓரமாகவே நின்றுவிட்டு வந்தேன். எங்களில் ஒருத்தி இன்னும் வேலைக்குப் போகிறாள். அவள் லீவு கேட்டதற்கு "என்ன உறவு?" என்று கேட்டிருக்கிறார்கள். தோழி என்றதும் லீவு இல்லை என்றாகிவிட்டது.

எங்களில் மனநல ஆலோசகராக இருப்பவள் இதைக் கேட்டுவிட்டு, இதற்கென்றே 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று ஒரு பெயர் இருக்கிறது என்றாள். கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-இல் எழுதினாராம்: சில துக்கங்களைத் துக்கம் என்றே சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, அதனால் அழவும் ஆறுதல் கேட்கவும் அந்த மனிதருக்கு உரிமை இல்லாமல் போகிறது. தோழமையில் வரும் துக்கம் பெரும்பாலும் அப்படித்தான். துக்கத்துக்கு 'ஐந்து படிகள்' உண்டு என்று நீ அனுப்பியிருந்த கட்டுரையையும் அவளிடம் காட்டினேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதைச் சொன்னது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசிப் பேசிக் கண்டதை வைத்துத்தானாம். இருக்கிறவர்களின் துக்கத்துக்கு அது பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. அக்கறையோடுதான் அனுப்பினாய், எனக்குத் தெரியும். அம்மா எந்தப் படியில் நிற்கிறாள் என்று மட்டும் தேடாதே.

சந்திக்கலாம் என்று நினைத்தபோதுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் ஆறு பேரில் பாதிப் பேரின் நம்பர் மற்றவர்களிடம் இல்லை. இத்தனை வருடமும் ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஆளாளுக்கு அவளோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குப் பேத்தி பிறந்தது எல்லாம் அவள் வழியாகவே எங்களுக்கு வந்திருக்கிறது. அவளுடைய நோட்டைப் பார்த்து அவள் மகள்தான் எங்களைக் கூப்பிட்டாள்.

உட்கார்ந்ததும் பேசத் தொடங்கவில்லை. ஒருத்தி சொல்லிவிட்டால் மற்றவர்கள் நினைவும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் என்று ஆலோசகர் சொன்னதால், முதலில் தனித்தனியாக ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினோம். பிறகு படித்தோம். பெரிய விஷயம் எதையும் யாரும் எழுதவில்லை. ரோட்டில் வண்டி வரும் பக்கம் எப்போதும் அவள்தான் நடப்பாள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே கால் கொஞ்சம் இழுக்கும். அவளோடு நடக்கும்போது மட்டும் சித்தி அங்கங்கே நின்று வேடிக்கை பார்ப்பாளாம். எதற்காக நின்றாள் என்பது தனக்கு அப்போதே தெரியும், தெரியும் என்று கடைசிவரை சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். அதைப் படிக்கும்போதுதான் எல்லோரும் முதன்முறையாக அழுதோம்.

தமிழ் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவள் நான், என் காது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. நடப்பாள், நிற்பாள், திட்டுவாள், வருவாள். அவளைப் பற்றிய வாக்கியம் எல்லாம் இப்படியே முடிந்தன. வழக்கமாக நடந்ததைச் சொல்ல நம் மொழி எதிர்கால வினையைத்தானே எடுத்துக்கொள்கிறது. "சாயங்காலமானால் வருவாள்" என்றால் அன்றைக்கெல்லாம் வந்தாள் என்றும் பொருள், இன்றைக்கும் வருவாள் என்றும் பொருள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையை, அந்த இரங்கல் பாட்டை, எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவன் தனக்குக் கொடுப்பான், தன் தலையைக் கோதுவான் என்று சின்னச் சின்ன வழக்கங்களாகவே அடுக்கிக்கொண்டு போவார். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்' என்ற இடைச்சொல்லை வைப்பார். கழிவுப் பொருள், அதாவது இருந்தது, இனி இல்லை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த ஓர் எழுத்துக்கோவை என்ன வேலை செய்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. எங்கள் பேச்சில் 'மன்' இல்லை கண்ணா. எங்கள் வாக்கியங்களைச் சாத்த யாருக்கும் கை வரவில்லை.

ஒருத்தி மட்டும் எதுவும் எழுதவில்லை. ஒரு கடன் விவகாரத்தில் அவளுக்கும் சித்திக்கும் 9 வருடமாகப் பேச்சு இல்லை. நியாயம் யார் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை, அன்றும் யாரும் அதை எடுக்கவில்லை. வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தவள், "என்னைப் பத்தி ஏதாவது சொல்வாளா?" என்று கேட்டாள். எங்களுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்ல முடியாது. எங்களிடம் அவள் பெயரைச் சித்தி எடுத்ததே இல்லை.

சித்தியின் மகள்தான் எழுந்துபோய் நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். பெயருக்கு நேரே ஒரு நம்பர், கோடு போட்டு அடித்திருந்தது. கீழே இன்னொன்று, அதுவும் அடித்திருந்தது. அதற்குக் கீழே இப்போதைய நம்பர், போன வருடம் மாற்றியது. முகவரியும் புதிது. யாரிடம் கேட்டு வாங்கினாள் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாரும் கொடுக்கவில்லை. அவள் அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த வெள்ளைத் தாளில் ஏதோ எழுதி, மடித்து, நோட்டுக்குள் வைத்தாள். யாரும் படிக்கவில்லை.

நோட்டை மகள் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நேற்று இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினேன். இன்று மூன்றாவது ஆள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் எழுதிய பக்கங்களைச் சேர்த்து அவள் மகளிடம் கொடுக்கப்போகிறேன். உன் பக்கமும் அதில் இருக்க வேண்டும். உனக்கு ஏழு வயதில், ஒரு லீவு முழுக்க, தினமும் உன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியுமா? எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனிடம் சொல்லிவிடாதே, பயந்துவிடுவான் என்றாள். நானும் இதுவரை சொல்லவில்லை.

என்னிடம் எதுவும் கேட்டுக்கொண்டு எழுதாதே. உனக்கு நினைவிருக்கிறபடி எழுது. புதன்கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா