ஒரே மரத்து விதையா போட்டா எப்படி சார்?

வணக்கம் எடிட்டர் சார். வட சென்னையில மரக்கன்னு நடுறதப் பத்தி போன வாரம் நம்ம பேப்பர்ல போட்டிருந்தீங்க, அதுல பாலை மரமும் நடப்போறாங்கன்னு படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஆனா கன்னு நடுறதுக்கு முன்னாடி விதை எங்கேந்து வருதுன்னு யாராவது கேக்கணுமே, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எங்க வீடு திருவொற்றியூர். சின்ன வயசுல முழுப்பரீட்சை லீவுக்கு பழவேற்காடு பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிடுவோம். அவங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பாலை மரம் இருந்துச்சு. ஒண்ணு சித்திரையிலயே மஞ்சளா பழுத்துடும், பழம் வேப்பம்பழ சைஸுதான், ஆனா அப்படியே தேன். இன்னொண்ணு வைகாசி கடைசிலதான் பழுக்கும், பழம் கொஞ்சம் நீட்டா இருக்கும், பால் ஜாஸ்தி, நாலு தின்னா உதடு ரெண்டும் ஒட்டிக்கும், ஆயா தேங்காஎண்ணெய விரல்ல தொட்டு தேச்சு தேச்சு எடுத்துவிடுவாங்க. தேன் மரம், கோந்து மரம்னு நாங்களே பேரு வெச்சிருந்தோம். ஒரே இனம், பக்கத்துப் பக்கத்துல நின்ன மரம், ஆனா பழுக்குற நாளு வேற, ருசி வேற. மரபணுப் பன்மைன்னு இப்ப பெருசா பேசுறாங்களே, அத நான் நாக்குலதான் மொதல்ல தெரிஞ்சுக்கிட்டேன் சார்.

இது நம்ம கடற்கரையோட சொந்த மரம். பொன்னேரி தாண்டி திருப்பாலைவனம் கோயிலுக்கு தல விருட்சமே பாலைதான், ஊர் பேர்லயே இருக்கு. எங்க திருவொற்றியூர் கோயில் மகிழ மரம், சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்த மரம், அதுவும் பாலையும் ஒரே குடும்பம். சப்போட்டாவும் அதே குடும்பந்தான். அந்த சப்போட்டா மெக்சிகோ பக்கத்துலேந்து வந்தது, இங்க நர்சரியில போயி கேளுங்க, பாலா கன்னுல (பாலையத்தான் அப்படிச் சொல்றாங்க) ஒட்டு கட்டினதுன்னுதான் சொல்லுவாங்க. வறட்சி, உப்புத்தண்ணி எல்லாத்தையும் தாங்குற வேரு பாலையோடது, மேல பழம் மட்டும்தான் சப்போட்டா. கட்டை அவ்ளோ உறுதிங்கறதால உலக்கைக்கும் செக்குக்கும் வெட்டினாங்க, அதனாலயே உலக்கைப்பாலைன்னு இன்னொரு பேரு. வளர்றது மட்டும் ரொம்ப ஸ்லோ, ஒண்ண வெட்டினா அதே மாதிரி இன்னொண்ண நம்ம ஆயுசுல பாக்க முடியாது.

போன வருஷம் எங்க ஏரியாவுல ஒரு அமைப்பு கன்னு நட்டாங்க, நானும் கூடப் போயி குழி தோண்டினேன். 200 பாலை கன்னு. விதை எங்க எடுத்தீங்கன்னு கேட்டேன், ஒரே மரத்தடியில பொறுக்கினதாம், எல்லாமே. நல்ல மனசுக்காரங்கதான், கொற சொல்ல வரல, ஆனா எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. 200 மரமும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. நாளைக்கு அதுங்க பூத்து அதுங்களுக்குள்ளயே மகரந்தம் போச்சுன்னா, சொந்தத்துக்குள்ளயே தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்ட கதைதான், வர்ற விதை சரியா முளைக்காம போகலாம், முளைச்சாலும் சவலையா நிக்கலாம். ஒரு நோய் வந்தா மொத்தமும் ஒண்ணா போயிடலாம், தப்பிக்கறதுக்கு அதுல வேற மாதிரி ஒரு மரம் இருந்தாத்தானே?

குறைஞ்சது 20, 30 தாய் மரத்துலேந்தாவது எடுக்கணும், அதுவும் பக்கத்துப் பக்கத்து மரமா இல்லாம தள்ளித் தள்ளி நிக்கிற மரமா பாத்து, வெவ்வேற ஊர்லேந்து. எடுத்தத அப்பவே விதைக்கணும், வெச்சிருந்தா முளைப்பு கொறஞ்சுடும். எந்தக் கன்னு எந்த மரத்துதுன்னு பையில ஒரு நம்பர் எழுதி, நடும்போது கலந்து நடணும், அவ்ளோதான், இதுக்கு பெரிய செலவு ஒண்ணும் இல்ல. குஜராத்துல கோத்ரா பக்கம் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துல இதே மரத்துல நல்லதா தேர்ந்தெடுத்து தார் ரித்துராஜ்னு ஒரு ரகமே விட்டிருக்காங்க, அது தோட்டம் போடுறவங்களுக்கு நல்லதுதான், ஆனா நம்ம கடற்கரைக்கு அத மட்டுமே கொண்டாந்து நட்டுடாதீங்க, நம்ம உப்புக்காத்துலயும் மணல்லயும் பழகின மரம் இங்கதான் இருக்கு.

ஆனா இருக்குறது கொறஞ்சுக்கிட்டே வருது சார். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் தளம்ங்கறதால யாரும் உள்ள போயி வெட்ட முடியல, அங்க காடு காடாவே நிக்குது. இந்தப் பக்கம் எண்ணூர்லேந்து காட்டுப்பள்ளி வரைக்கும் துறைமுகம், அனல் மின் நிலையம், கன்டெய்னர் யார்டு, நடுவுல எங்கயாவது ஒரு கோயில், ஒரு தோப்பு, அதுல ஒத்த மரம். அத்தை வீட்டு தேன் மரத்த ரோடு போடும்போது ஒரு நாள் காலையில வெட்டிட்டாங்க, நாங்க விதை ஒண்ணு கூட எடுத்து வெக்கல, அந்த ருசி அதோட போச்சு. அத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

கோந்து மரம் இன்னும் இருக்கு. இந்த வைகாசிக்குப் போயி விதை பொறுக்கலாம்னு இருக்கேன். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் வாசகர்கள் யார் வீட்டுலயாவது ஊர்லயாவது பாலை மரம் இருந்தா, எந்த மாசம் பழுக்குது, பழம் எப்படி இருக்குதுன்னு நம்ம பேப்பருக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லி தயவுசெஞ்சு போடுங்க சார், கன்னு நடப்போறவங்களும் அத வெச்சு மரம் மரமா போயி விதை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர், சென்னை.