செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

தலைவர் அவர்களுக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நைரோபியில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பறவை பார்க்கும் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கம் இந்த ஓராண்டில் என்ன செய்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெள்ளத்தால் பறவை பார்க்கும் நடை நடக்கவில்லை. ஜூன் மாத நடையை, நகரில் போராட்டங்கள் நடந்ததால் கைவிட்டோம். ஆகஸ்டில் கரூரா காட்டில் குழந்தைகளுக்கான நடை நடந்தது. அக்டோபரில் லிமுருவில் மங்குவோ குளத்துக்குப் போனோம். நவம்பரில் கட்டமாயு காட்டில் ஹார்ட்லாப்ஸ் டுராகோ என்ற பறவை சிவப்புச் சிறகை விரித்துக்கொண்டு இரண்டு முறை பாதையைக் கடந்தது. நேச்சர் கென்யா என்ற இயற்கை அமைப்பு நடத்தும் புதன்கிழமை காலை நடைகளுக்கு நம் உறுப்பினர் இருவர் தவறாமல் போய்வந்தார்கள்.

அப்புறம் கினாங்கோப். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சங்கப் பணத்தை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. அந்த முடிவை எடுத்தவன் நான் என்பதால் பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

லிமுரு தாண்டி, ஃப்ளைஓவர் என்ற இடத்தில் திரும்பி, ன்ஜாபினிக்கு ஏறினால் அபர்டேர் மலைக்கு மேற்கே 2,400 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது அந்த மேட்டுநிலம். ஷார்ப்ஸ் லாங்க்ளா என்ற பறவைக்கு அதுதான் முக்கியமான வீடு. நம் ஊர் நெட்டைக்காலி, வாலாட்டிகளின் குடும்பம் அது. கென்யாவின் மலைப்புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கொத்துக்கொத்தாக அடர்ந்து வளரும் புல்தான் அதற்குக் கூடு, மறைவு, எல்லாம். அந்தப் புல்வெளியோ பெரும்பாலும் தனியார் பட்டா நிலம். ஆடு மாடு மேயும்வரை பறவை பிழைத்துக்கொள்ளும். உருளைக்கிழங்குக்கோ முட்டைக்கோசுக்கோ உழுதுவிட்டால், தைலமரம் நட்டுவிட்டால், அதோடு போயிற்று.

அதனால் ஜூலையிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை கினாங்கோப் நடை. உள்ளூர் இளைஞர் ஒருவர்தான் வழிகாட்டி. புல்லை விட்டுவைத்திருக்கும் நிலக்காரர்களுக்கு நடைக்கட்டணம். நம்மில் எத்தனை பேர் வந்தாலும் வழிகாட்டியின் கூலி முழுசாகப் போய்ச் சேரும். ஜனவரி தவிர எட்டு மாதமும் போனோம். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்து, கண்ட வரிசைப்படியே பட்டியல் எழுதி, எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று பதிவு செய்யும் கென்யா பேர்ட் மேப் திட்டத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

முதல் நடையை மறக்க முடியாது. ஜூலைக் குளிர். முழங்கால்வரை புல் ஈரம். வழிகாட்டி கம்பூட்ஸோடு முன்னால் போக, நாங்கள் ஒரே வரிசையில் பின்னால். திடீரென்று கையைத் தாழ்த்தி எல்லோரையும் நிறுத்தினார். பத்தடி தூரத்தில் இருக்கிறது என்றார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காய்ந்த புல்லும் பழுப்புக் கோடுகளும்தான். இரண்டு நிமிடம் யாரும் அசையவில்லை. அந்தப் பழுப்புக் கோடுகளில் ஒரு பகுதி மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. தொண்டையிலிருந்து வயிறுவரை மஞ்சள், சாமந்திப்பூ மஞ்சள். ஒரு புல்கொத்தின் மேல் ஏறி நின்று, பின்விரலின் நீண்ட நகம் தெரிய, மெல்லியதாக விசில்போல ஒரு குரல் கொடுத்தது. வழிகாட்டியின் பைனாகுலரில் ஒரு பக்கக் கண்ணாடி முழுக்க மங்கல் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். நம் உறுப்பினர் ஒருவர் பிற்பாடு தன்னுடைய 8×42 பைனாகுலரை அவருக்கே கொடுத்துவிட்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

செப்டம்பரில் பதிவு செய்தவர்கள் பதினான்கு பேர். அதை நம்பி மினிபஸ் பேசினோம். அதிகாலை ஐந்து மணிக்கு வந்து ஏறியவர்கள் நான்கு பேர். ஆறு பேர் முந்தின இரவு பதினொரு மணிக்கு மேல் செய்தி அனுப்பினார்கள். மற்ற நால்வர் அதுவும் இல்லை. அங்கே வழிகாட்டி ஆறரை மணியிலிருந்து சாலைமுனையில் காத்திருந்தார். இரண்டு நிலக்காரர்களிடம் சொல்லி நாயைக் கட்டிவைத்திருந்தார். ஒரு வீட்டில் பதினான்கு பேருக்கும் டீயும் மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் தயாராக இருந்தன. அத்தனைக்கும் சங்கப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பணத்தைக் கொட்டினேன் என்று சொல்லப்படுவது இந்தச் செலவைத்தான். அதே நிலைமை மறுபடி வந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

பிப்ரவரியில் போனபோது, டிசம்பரில் ஒரு ஜோடியைப் பார்த்த நிலத்தில் உருளைக்கிழங்குக்குப் பாத்தி போட்டிருந்தார்கள். நிலக்கார அம்மா மறைக்காமல் சொன்னார்: "மூணு பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும். நீங்க மாசம் தவறாம வருவீங்கன்னா புல்லை விட்டுவெப்பேன். வருவீங்களோ மாட்டீங்களோன்னு எப்படி நம்பறது?" அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஜனவரியில் அபர்டேர் தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் சுற்றுலா. இதற்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். யானை, கொலோபஸ் குரங்கு, 273 மீட்டர் உயரக் கருரு அருவி எல்லாம் பார்த்தோம். ஜாக்சன்ஸ் ஃபிராங்கொலின் கௌதாரி பாதையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ம்வேய்காவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் மக்கிண்டர்ஸ் கொம்பன் ஆந்தையைக் காட்டினார்கள். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற பயம் நம்மவர்களைப் போலவே கிகுயு மக்களிடமும் உண்டு. முன்பு கண்டால் கல்லெறிவார்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டணம் கொடுக்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பள்ளத்தாக்கில் விவசாயிகளே காவல் இருக்கிறார்கள். கினாங்கோப்பிலும் நடக்க வேண்டியது இதுதான்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது, யாரும் பார்க்கலாம். சந்தாவை மட்டும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. கைபேசியிலேயே எம்-பெசாவில் பணம் அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. நினைவூட்டி நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வராததுதான் சந்தா வராததைவிட வருத்தம்.

வீட்டு மாடியைக் கூட்டத்துக்குத் தந்த பார்க்லண்ட்ஸ் குடும்பத்துக்கும், பட்டியல்களைக் கணினியில் ஏற்றிய இரண்டு கல்லூரி மாணவிகளுக்கும், பொறுமையாக வண்டி ஓட்டிய ஓட்டுநருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் வழிகாட்டி, கென்ய சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் நடத்தும் வெண்கலத் தரத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். தேர்வுக் கட்டணத்தை நாம் கட்ட வேண்டும் என்பது என் விருப்பம். நிலுவைச் சந்தா வந்தால் அதற்கும், ஓராண்டு நடைக்கட்டணத்துக்கும் தாராளமாகப் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். மழை மாதங்களில் கினாங்கோப் சேற்றில் மினிபஸ் போகாது. செயலாளர் பொறுப்பை இன்னும் ஓராண்டு ஏற்கச் சொல்கிறீர்கள். கூட வேலை செய்ய இரண்டு பேர் கிடைத்தால் மனதார ஏற்கிறேன்.

பெருமழை ஓய்ந்தபின் அடுத்த கினாங்கோப் நடை ஜூன் 21, சனிக்கிழமை. வண்டி காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். எத்தனை பேர் வருகிறீர்கள், நிலக்கார அம்மாவிடம் என்ன சொல்ல என்று வழிகாட்டி இப்போதே கேட்டு எழுதியிருக்கிறார். உறுதியாக வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இன்று இரவே அவருக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

செயலாளர்